சட்டையை அடக்கம் செய்த ஊர்

கைகளை எப்படி மடிப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை, பெட்டிக்குள் அந்த நீலச் சட்டை மல்லாந்து கிடக்கிறது, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருக்கிறார்கள், கீழே இடுப்பில் கட்டுகிற சாரத்தை நீளமாக விரித்துக் கால் மாதிரி ஆக்கியிருக்கிறார்கள், தலை வரவேண்டிய இடத்தில் வெறும் தலையணை, அதன்மேல் ஒரு செபமாலை, முழுக்கைச் சட்டையின் இரண்டு கைகள் மட்டும் பெட்டிக்கு வெளியே தொங்குகின்றன, நீயே மடிச்சு வையிளா, கட்டினவதான் வைக்கணும் என்று யாரோ ஒருத்தி சொல்ல, நான் குனிந்து ஒவ்வொரு கையாக எடுத்து நெஞ்சின்மேல் குருசு மாதிரி வைக்கிறேன், துணிக்குள் ஒன்றுமில்லை, விட்டதும் ஒரு கை சரிந்து விழுகிறது, திரும்ப எடுத்து வைக்கிறேன், திரும்பச் சரிகிறது, கடைசியில் கோயில் உபதேசியார் எங்கிருந்தோ ஒரு குண்டூசி கொண்டுவந்து தந்தார், குத்தினேன், ஆனாலும் கண்ணை மூடினால் இன்னும் அந்தக் கை சரிகிறது, நான் எடுத்து வைத்துக்கொண்டே இருக்கிறேன், விடிந்துவிடுகிறது.

அது என் புருஷன் கஸ்பாரின் அடக்கம், கடல் உடம்பைத் திருப்பித் தராவிட்டால் சட்டையை வைத்து அடக்கம் செய்வது எங்கள் கரையில் வழக்கம், கஸ்பாரும் அவனுடைய கூட்டாளி இஞ்ஞாசியும் ஒரே வல்லத்தில் போனார்கள், கச்சான் காற்று தூக்கிக் கவிழ்த்துவிட்டது, மறுநாள் பக்கத்து ஊர்க்காரர்கள் இஞ்ஞாசியை ஒரு மண்ணெண்ணெய்க் கேனைக் கட்டிப் பிடித்தபடி மிதக்கக் கண்டு தூக்கிக்கொண்டு வந்தார்கள், கஸ்பாரைக் காணவில்லை, எங்கெங்கோ தேடினார்கள், கரை கரையாக ஆள் அனுப்பினார்கள், பிறகு தேடுவதை விட்டுவிட்டுச் சட்டையைக் கேட்டார்கள், என் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைத்தான் கொடுத்தேன், பெட்டியை மூடும்போது என் மாமி மோட்சராக்கினி என்மேல் பாய்ந்து, எம்பிள்ளைய முழுங்கிட்டு ஒனக்கு எதுக்குட்டி தாலி என்று கேட்டுக்கொண்டே இழுத்தாள், கயிறு இல்லை, சங்கிலி, அறுந்து வரும்வரை இழுத்தாள், கழுத்தில் அந்தக் கீறல் ஆற நாளானது, ஊரே நின்று பார்த்தது, பெரிய பூசை வைத்தார்கள், துக்க மணி அடித்தார்கள், சாமியார் தீர்த்தம் தெளித்தார், நாலு பேர் அந்த எடையில்லாத பெட்டியை எடையுள்ளது மாதிரி தோளில் சுமந்துகொண்டு போனார்கள், சிமெண்டுக் குருசில் பெயரெழுதி, இறந்த தேதியென்று ஒரு தேதியும் எழுதினார்கள், கல்லறைத் திருநாள் தோறும் நான் அதற்கு மெழுகுவத்தி ஏற்றினேன், இவ்வளவும் செய்த ஊர், இவ்வளவும் செய்த கோயில், நான் இன்னொருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றதும் என்னைப் பார்த்துக் கேட்டது, ஒன் புருஷன் செத்ததுக்கு என்ன சாட்சி.

அந்த இன்னொருவன் இஞ்ஞாசிதான், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், நான் அவனைத் தேடிப் போகவில்லை, அவனும் வாசலுக்கு இந்தப் பக்கம் வரவில்லை, மீன்பாடு கிடைக்கிற நாளெல்லாம் ஓலைப்பெட்டியில் மீனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அண்ணன் பெண்டாட்டி முறைக்கு, மைனி, மீனு என்பான், போய்விடுவான், நான் இறால் கம்பெனியில் உரித்து உரித்து மரத்துப்போன விரல்களோடு வந்து அந்த மீனை எடுப்பேன், ஒவ்வொரு தடவையும் கேட்பேன், இஞ்ஞாசி, அவுக கடைசியா என்ன சொன்னாக, நீ பாத்தியா, அவன் ஒவ்வொரு தடவையும் மணலைப் பார்த்துக்கொண்டு சொல்வான், நா பாக்கல மைனி, ஒரு அலை வந்துது, பொறவு ஆளக் காணல, இதையே நான் கேட்பதும் இதையே அவன் சொல்வதும் செபமாலை மாதிரி ஆகிப்போனது, அந்த விபத்துக்குப் பிறகு அவன் முழுக்கைச் சட்டை இல்லாமல் வெளியே வந்ததில்லை, மடி வலை இழுக்கும்போதுகூட மணிக்கட்டில் பொத்தான் போட்டிருப்பான், ஆபீசர் வாராருலே, வழிவிடுங்க என்று கரையில் கேலி செய்வார்கள், பிறகு ஒரு நாள் மைனி நின்றுபோனது, வெறும் மீனு என்றான், இன்னொரு நாள் அதையும் சொல்லாமல் நின்றான், அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, எனக்குப் பிடித்திருந்தது, அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம், ஆண் குரல் இல்லாத வீட்டில் ஒருவன் வாசலில் நின்று மூச்சுவிடுகிற சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

பங்குச்சாமி வெளி மாவட்டத்துக்காரர், எங்கள் கரைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, எங்களைத் தன் அறையில் உட்காரவைத்துக் கோயிலில் யார் யாருக்குக் கல்யாணம் நடத்த மாட்டோம் என்று விளக்கினார், மார்க்கெட்டில் எந்த மீன் கெட்டது என்று சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார், முன்னால் கட்டினவர் உயிரோடு இருந்தால் கிடையாதும்மா, நெருங்கிய ரத்தம்னா கிடையாது, துறவறத்துக்கு வார்த்தைப்பாடு குடுத்தவங்களுக்குக் கிடையாது, ஒருத்தருக்கு ஞானஸ்நானம் இல்லன்னா ஆயர் உத்தரவு வேணும், வயசு பத்தலன்னா, பிள்ளையே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டு வந்தா, அப்புறம் ஒருத்தியக் கட்டணும்னே அவ புருஷனக் கொன்னிருந்தா என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார், அதெல்லாம் சட்டத்துல இருக்கு, நம்ம ஊருக்கு எதுக்கு, இஞ்ஞாசி தன் சட்டைக்கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான், நான் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை, கடைசியாகச் சாமியார் சொன்னார், இது எல்லாமே சரியா இருந்தாலும், பொண்ணோ மாப்பிள்ளையோ முழு மனசோட சம்மதம்னு சொல்லலன்னா அந்தக் கல்யாணத்த ஆண்டவரே வந்தாலும் நடத்த முடியாது, இப்போது நான் சிரித்தேன், சாமி, எங்களுக்கு இல்லாத கேடு அது ஒண்ணுதான்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை கொடுத்து முடிந்ததும் சாமியார் முதல் கல்யாண ஓலை வாசித்தார், என் பெயரையும் இஞ்ஞாசியின் பெயரையும் சொல்லி, இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றார், எல்லாக் கல்யாணத்துக்கும் வாசிக்கிறதுதான், அதைக் கேட்டு யாரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை, கைக்குழந்தைகள் அழுகிற நேரம் அது, ஜனங்கள் வெளியே போகச் செருப்பை நினைக்கிற நேரம், மாமி எழுந்து நின்றாள், பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தடை இருக்கு சாமி, எம்மவன் சாவல, கஸ்பார் உசுரோட இருக்கான், புருஷன் இருக்கையில இவ எவனக் கட்டப் போறா, சத்தம் போடவில்லை, மீன் விலை சொல்வது மாதிரி சொன்னாள், நான் சுற்றிப் பார்த்தேன், பெட்டி தூக்கின நாலு பேரும் அங்கேதான் இருந்தார்கள், ஒருவன் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தான், ஒருவன் பிள்ளையின் மூக்கைத் துடைத்தான், குண்டூசி தந்த உபதேசியார் மெழுகுவத்தியை அணைக்கப் போனார், தாலியை இழுத்தபோது வாய் பார்த்த ஊர் இப்போதும் வாய் பார்த்தது, ஒரு நாய்கூட எனக்காகக் குரைக்கவில்லை.

சாமியாரின் அறைக்குப் போனேன், செத்தவருக்குத்தான சாமி பூசை வச்சீங்க என்றேன், அம்மா, அது நான் வர்றதுக்கு முந்தி என்றார், கோயில் வர்றதுக்கு முந்தியில்லியே என்றேன், அவர் முகம் சிவந்துவிட்டது, ஆத்துமாவுக்காக ஜெபிக்கிறது வேற, சட்டம் வேற, உடம்பு கிடைக்கல, ஆளக் காணல என்கிறது மட்டும் சாவு ஆகாது, ஆயர் இல்லத்துல விசாரிச்சு இறந்துட்டார்னு முடிவு சொல்லணும், அதுக்குக் கண்ணால பாத்த சாட்சி வேணும் என்றார், அப்ப என் கழுத்துல கெடந்தத அத்து எடுத்தது எதுக்கு சாமி, நா பொண்டாட்டின்னா அத இப்பக் குடுங்க, நா தாலியறுத்தவன்னா என்னக் கட்டவிடுங்க, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, நீங்க கோபப்படாதீங்கம்மா என்றார், கோபப்படாதே என்று சொல்கிறவனைக் கண்டால் எனக்கு எரிகிறது, எவனும் தன் வீடு எரியும்போது அதைச் சொல்வதில்லை, சாட்சி யாரும்மா இருக்கா என்று கேட்டார், அந்த வல்லத்தில் போனவர்கள் இரண்டே பேர், ஒருவனைக் காணவில்லை, மற்றவனைத்தான் நான் கட்டிக்கொள்ளப் போகிறேன்.

பாத்தேன்னு சொல்லு என்று இஞ்ஞாசியிடம் சொன்னேன், கம்பெனி வாசலில் வைத்து, என் கையில் இறால் நாற்றம் போகவில்லை, முங்கினதப் பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லு, அவுக செத்தது நெசந்தான, நெசத்தச் சொல்ல ஒனக்கு என்ன, அவன் மணலைப் பார்த்தான், சரி என்றான், ஆயர் இல்லத்துக்குப் போனோம், விசாரிக்கிற சாமியார் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார், நான் வெளி வராந்தாவில் மாதா சுரூபத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன், வெளியே வந்தவன் சொன்னான், பாக்கலன்னு சொல்லிட்டேன், அப்படியே சொன்னான், ஒரு நடுக்கம்கூட இல்லாமல், அவ்வளவுதான், கோயில் கல்யாணம் இல்லை, ஓலை நின்றுபோனது, திரும்பி வரும் பேருந்தில் நான் அவனுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன், எனக்குப் பின்னால் அவன் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது, அன்றைக்கு அதுவும் பிடிக்கவில்லை.

ஊரில் இறங்கி நேராக மாமி வீட்டுக்குப் போனேன், வாசலில் உட்கார்ந்து சாளை மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள், ஒங்க ஆசப்படி முடிஞ்சுது, ஒங்க மவனுக்குச் சோறு எடுத்து வைங்க, நடந்து வருவாரு என்றேன், அவள் கத்தியை நிறுத்தவில்லை, அவன் சாவலன்னு நா நெனைக்கேன்னா நெனச்ச, நீ ஒரு கூமுட்டடி, பெத்தவளுக்குத் தெரியாதா, பிறகு சொன்னாள், இஞ்ஞாசியைத் தூக்கிவந்து ஆஸ்பத்திரியில் போட்டபோது முதலில் போய்ப் பார்த்தவள் அவள்தான், அவனுக்கு நினைவில்லை, போர்வை விலகியிருந்தது, எடக் கையில அஞ்சு நெகமும் பதிஞ்சு கெடந்துது, உப்புத் தண்ணியில வெளுத்துப்போயி, சதயத் தோண்டி எடுத்தாப்ல, பெருவெரல் தடம் சப்பட்டையா இருந்துது, கஸ்பாருக்குச் சின்னதுல கதவுல நசுங்குன வெரல், அது எம்பிள்ள கை, அத இவன் பிரிச்சு விட்டிருக்கான், நான் கேட்டேன், மாமி, இத ஏன் அன்னைக்கே சொல்லல, எதுக்குச் சொல்லணும் என்றாள், செத்துட்டான்னு தெரிஞ்சுபோச்சு, எப்படிச் செத்தான்னு இவன் வந்து சொல்லுவான்னு பாத்தேன், வருசக்கணக்காப் பாத்தேன், அவன் எங்கிட்ட வரல, ஒனக்கு மீனு கொண்டாந்தான், அதன்பிறகு கத்தியை மீன்மேல் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள், அவன் வாயால சொல்லட்டும், சொல்லுத அன்னைக்கு நா தடைய எடுத்துக்கிடுதேன், அதுவரைக்கும் எம்மவன் உசுரோடதான் இருப்பான்.

அவளை நான் வெறுத்தேன், இப்போதும் அவளை எனக்குப் பிடிக்காது, ஆனால் அவள் சொன்னது பொய்யென்று ஒரு நிமிடம்கூட எனக்குத் தோன்றவில்லை, கரைக்கு நடந்தேன், இஞ்ஞாசி வல்லத்து நிழலில் உட்கார்ந்து மடியின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான், ஒன்றும் கேட்காமல் இடது சட்டைக்கையைப் பிடித்து இழுத்தேன், பொத்தான் தெறித்து மணலில் விழுந்தது, ஐந்து தழும்புகள், நாலு நீளமாக, ஒன்று சப்பட்டையாக, நான் என் விரல்களை அதன்மேல் வைத்துப் பார்த்தேன், எனக்குத் தெரிந்த கை, அந்தக் கை என் இடுப்பில் கிடந்திருக்கிறது, என் சடையைப் பிடித்து இழுத்திருக்கிறது, சரியாக அதே அகலம், இஞ்ஞாசி கையை இழுத்துக்கொள்ளவில்லை, கேனு ஒரு ஆளத்தான் தாங்குச்சு என்றான், ரெண்டு பேரும் பிடிச்சா முங்குது, அண்ணன் எங்கையப் பிடிச்சாரு, எவ்வளவு நேரம்னு தெரியல, ரெண்டு பேரும் தண்ணி குடிச்சோம், பொறவு நா சுண்டு வெரல்லேர்ந்து ஒண்ணொண்ணாப் பிரிச்சேன், ஒன்ன நெனச்சு இல்ல, சத்தியமா இல்ல, உசுருக்குத்தான், எழும்பு என்றேன், எங்க என்றான், அவுக அம்மாட்ட என்றேன்.

மாமியின் வாசலில் அவன் நின்றான், நான் பக்கத்தில் நின்றேன், அவன் எல்லாவற்றையும் சொன்னான், எனக்குச் சொன்ன அதே வார்த்தைகளில், அவன் முடித்ததும் மாமி ஒன்றே ஒன்று கேட்டாள், கடைசியா என்ன சொன்னான், அம்மான்னானா, வருஷக்கணக்காக நான் கேட்ட அதே கேள்வி, இஞ்ஞாசி ஆமா என்று சொல்லியிருக்கலாம், அந்த ஒரு பொய்யை நான்கூட மன்னித்திருப்பேன், அவன் சொன்னான், இல்ல பெரியம்மா, விடாதலேன்னாரு, மாமி அவன் கையைப் பார்த்தாள், பிறகு, போ, இதச் சாமியாருட்டப் போயிச் சொல்லு என்று கதவைச் சாத்தினாள், உள்ளே அவள் கீழே உட்கார்ந்த சத்தம் கேட்டது, நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நடந்தோம்.

அவன் போனான், சொன்னான், அதை நான் மறுக்கவில்லை, ஆயர் இல்லத்தில் குடைந்து குடைந்து கேட்டார்களாம், அந்தப் பொண்ணுக்காகச் செஞ்சியா, அவளுக்குத் தெரியுமா, ரெண்டு பேரும் முன்னாலேயே பேசிக்கிட்டீங்களா, மாமியையும் கூப்பிட்டு விசாரித்தார்கள், கடைசியில் கஸ்பார் இறந்தது உறுதி, இவன் எனக்காகச் செய்யவில்லை என்பதும் உறுதி என்று முடிவு வந்தது, பங்குச்சாமி என்னைப் பார்க்கக் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார், எல்லாத் தடையும் நீங்கிருச்சும்மா, ஞாயித்துக்கிழமை ஓலைய மறுபடி முதல்லேர்ந்து வாசிக்கிறேன், ஆண்டவர் பெரியவர் என்றார், அவருக்கு நிஜமாகவே சந்தோஷம், நான் இறால் தோலைக் கையிலிருந்து தட்டிக்கொண்டு சரிங்க சாமி என்றேன், அந்த வாரம் முழுக்க என்னிடமே கேட்டுக்கொண்டேன், உனக்கு என்னதான் வேண்டும், கேட்டது கிடைத்துவிட்டதே, விரலைப் பிரித்ததற்காக நான் அவனைக் குற்றம் சொல்லவில்லை, அந்தத் தண்ணீரில் நான் கிடந்தாலும் பிரித்திருப்பேன், பெற்ற தகப்பன் கையாக இருந்தாலும் பிரித்திருப்பேன், ஆனால் இவன் என் வாசலில் மீனோடு நின்றான், நான் கேட்டேன், திரும்பத் திரும்பக் கேட்டேன், அந்தத் தழும்புகளைப் பொத்தான் போட்டு மூடிக்கொண்டு பார்க்கவில்லை என்றான், அடக்கம் செய்த பிறகும் யாராவது கரையேறி வந்தால் கஸ்பாரோ என்று முகத்தைப் பார்க்க ஓடினேன், ஒவ்வொரு புயலுக்கும் பிறகு ஓடினேன், நான் ஓடுவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தை சொன்னால் நான் நின்றிருப்பேன், அவன் சொல்லவில்லை, மாமி எழுந்து நிற்காவிட்டால் சாகும்வரை சொல்லியிருக்க மாட்டான், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, இருட்டிலும் சட்டையைப் போட்டுக்கொண்டு, பார்க்கவில்லை என்றே சொல்லியிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அரைக்கைச் சட்டையில் வந்தான், ஆண்கள் பக்கத்தில் தூணுக்கு அருகே நின்றான், எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள், ஊருக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது, ஆபீசர் என்று கேலி செய்தவன் தலையைக் குனிந்துகொண்டான், அவன் என்னைப் பார்த்தான், அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, நான் பொய் சொல்லவில்லை, சாமியார் ஓலையை வாசித்தார், என் பெயர், அவன் பெயர், தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள், முன்வரிசையில் மாமி எழுந்திருக்கவில்லை, முக்காட்டுக்குள் கல் மாதிரி இருந்தாள், சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், நான் எழுந்தேன், தடை இருக்கு சாமி, அவர் கண்ணாடியைக் கழற்றினார், என்னம்மா தடை, எல்லாந்தான் தீந்துபோச்சே, எனக்குச் சம்மதம் இல்ல என்றேன், கைக்குழந்தைகள்கூட அழவில்லை, அது போதுமா சாமி, இல்ல அதுக்கும் கண்ணால பாத்த சாட்சி வேணுமா, நான் நடு வழியாக நடந்து வெளியே வந்தேன், தூணைத் தாண்டும்போது பக்கவாட்டில் ஒரு கை என் பக்கம் கொஞ்சம் நீண்டது, நீண்டு நின்றுவிட்டது, என்னைத் தொடவில்லை, அந்த மட்டுக்கும் அவனுக்கு ரோஷம் இருந்தது.

இப்போதும் கண்ணை மூடினால் பெட்டி வருகிறது, நீலச் சட்டை மல்லாந்து கிடக்கிறது, நான் குனிந்து கையை எடுத்து நெஞ்சின்மேல் வைக்கிறேன், அது சரியவில்லை, துணிக்குள் கனம் இருக்கிறது, சட்டைக்கையின் வாயிலிருந்து விரல்கள் வெளியே வந்து என் மணிக்கட்டைப் பிடிக்கின்றன, பெருவிரல் சப்பட்டை, ஈரமாக இருக்கிறது, விடாதளா என்கிறது, எனக்குப் பயமில்லை, அழுகை வருகிறது, அழுதுகொண்டே சொல்கிறேன், போதும், எவ்வளவு நாள்தான் நானும் தண்ணி குடிப்பேன், சொல்லிவிட்டுச் சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன், நகம் ஆழமாகத்தான் பதிந்திருக்கிறது, பெருவிரலும் விட்டதும் அந்தக் கையை எடுத்து நெஞ்சின்மேல் வைக்கிறேன், குண்டூசி தேவைப்படவில்லை, விடிய இன்னும் நேரமிருக்கிறது, தூங்கிப்போகிறேன்.